சிப்பாய்க்கு எத்தனை அடி?

புனேவுக்குப் பக்கத்தில் இருக்கிற தேஹு ரோடில் ஒரு தமிழ்ப் பிள்ளையையும் ஒரு மராத்திப் பிள்ளையையும் சதுரங்கப் பலகைக்கு எதிரெதிரே உட்கார வைத்தால், காய் நகர்வதற்கு முன்பே முதல் வழக்கு வந்துவிடும். நம் பிள்ளைக்கு மந்திரி என்றால் மூலைவாட்டில் ஓடுகிற காய். மராத்திப் பிள்ளைக்கு மந்திரி என்றால் வசீர், ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய காய். நம் வீடுகளில் அதற்கு ராணி என்று பெயர். நாம் மந்திரி என்று சொல்லும் காயை அவர்கள் ஊண்ட் என்பார்கள், அதாவது ஒட்டகம். குதிரை அவர்களுக்கும் குதிரைதான். யானையும் யானைதான். ஐந்து நிமிடத்தில் இருவரும் மற்றவர் பெயரைப் பழகிக்கொண்டு ஆடத் தொடங்கிவிடுவார்கள். பெயர்ச் சண்டை அவ்வளவு சீக்கிரம் தீரும்.

விதிச் சண்டை அப்படித் தீராது. போன மழைக்காலத்தில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒன்றைப் பார்த்தேன். ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், பத்து வயதுப் பையன் ஒருவனோடு ஆடிக்கொண்டிருந்தார். பையன் முதல் நகர்விலேயே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். பெரியவர் அதை எடுத்துப் பின்னால் வைத்தார். "தம்பி, சிப்பாய் ஒரு அடிதான் வைப்பான்." பையன் விடவில்லை. "தாத்தா, முதல் தடவை ரெண்டு போகலாம். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க." பெரியவர் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "இப்ப எல்லாத்தையும் சுலபமாக்கிட்டாங்க." பையன் நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டான்: "இதுவா சுலபம்? ஓப்பனிங் படிச்சுப் பாருங்க தாத்தா!"

ஒருவர் சுலபமாகிவிட்டது என்கிறார், மற்றவன் கஷ்டமாகிவிட்டது என்கிறான். இருவரும் பேசுவது ஒரே மாற்றத்தைப் பற்றி. இருவர் சொல்வதும் உண்மை என்றுதான் நான் நினைக்கிறேன். அது எப்படி என்று டீ வருவதற்குள் தொடங்கிப் பொறுமையாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் இந்த ஆட்டம் என்ன ஜாதி என்று தெரிந்துகொள்ளலாம். சதுரங்கம் என்ற சொல்லுக்கு நான்கு உறுப்பு என்று பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கும் பழைய படையின் உறுப்புகள். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்திலேயே இந்தச் சொல் அஷ்டாபதம் என்னும் எட்டுக்கெட்டுப் பலகையோடு சேர்ந்து வருகிறது. ஆக, இது மேசைமேல் நடக்கிற போர். தேஹு ரோடுக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இது கன்டோன்மென்ட் ஊர். ராணுவத்தில் இருந்த எவரைக் கேட்டாலும் சாண்ட் மாடல் பற்றிச் சொல்வார். மணலைக் குவித்து மேடு, பள்ளம், ஆறு, பாலம் எல்லாம் செய்து, அதைச் சுற்றி நின்று, எந்தப் படை எங்கே போகும் என்று பேசிப் பார்ப்பார்கள். சதுரங்கப் பலகை அதன் தூரத்து அண்ணன்.

நிஜப் போரை மேசைமேல் கொண்டுவர வேண்டுமென்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். மழையை விடுகிறோம், பசியை விடுகிறோம், பயத்தை விடுகிறோம். மிச்சம் இருப்பதை விதியாக எழுதிக்கொள்கிறோம். எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதில்தான் உலகம் முழுவதும் இவ்வகை ஆட்டக்காரர்கள் இருநூறு ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவரும் பையனும் அந்த வாதத்தின் ஒரு சிறு பகுதியைத்தான் நடத்தினார்கள்.

பெரியவரின் ஆட்டத்தை முதலில் பார்ப்போம். அதற்கு இந்திய முறை என்றும் நாட்டு ஆட்டம் என்றும் பெயர் சொல்வார்கள். அதில் சிப்பாய் எப்போதும் ஒரே ஒரு கட்டம்தான் நகரும். கோட்டை கட்டுவது என்று இன்று நாம் செய்வது, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது, அதில் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜாவுக்கு ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவ அனுமதி உண்டு. அதுவும் அதுவரை செக் வாங்காமல் இருந்தால்தான். ஆகவே எதிரியின் முதல் வேலை, எப்படியாவது ஒரு செக் கொடுத்து அந்தத் தாவலைப் பறிப்பது. இதைக் கேட்டதும் ஆட்டத்தின் சுவை கொஞ்சம் புரிகிறது இல்லையா? தொடக்கத்திலேயே ஒரு சின்ன வேட்டை நடக்கிறது.

சிப்பாய் கடைசி வரிசையை எட்டினால் இன்று நாம் யோசிக்காமல் ராணி வைத்துக்கொள்கிறோம். நாட்டு ஆட்டத்தில் அப்படி எதை வேண்டுமானாலும் வாங்க முடியாது. எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகத்தான் மாறும். யானை வரிசையில் ஏறினால் யானை, குதிரை வரிசையில் ஏறினால் குதிரை. எனவே கடைசி நான்கு கட்டம் இருக்கும்போதே, எந்த வரிசையில் ஏற வேண்டும், அதற்கு வழியில் எதை வெட்டி வரிசை மாற வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும்.

ஆட்டம் முடிவதிலும் தரம் உண்டு. மாத் என்றால் எல்லா மாத்தும் ஒன்று கிடையாது. சிப்பாயை வைத்து மாத் செய்வதுதான் பெருமை. மராத்தியில் அதற்கு ப்யாதேமாத் என்று தனிப் பெயரே இருக்கிறது. எதிரியின் காய்களையெல்லாம் வெட்டித் தள்ளி, ராஜாவை ஒற்றையாக நிறுத்திவிட்டுப் பிறகு ஜெயிப்பதைப் பல இடங்களில் ஜெயமாகவே எண்ணவில்லை. அதனால் நல்ல ஆட்டக்காரர் எதிரிக்கு ஒரு காயை வேண்டுமென்றே மிச்சம் வைத்திருப்பார். வெறும் பலத்தால் ஜெயிப்பதற்கும் அழகாக ஜெயிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விதியே வைத்திருந்தது. எனக்கு இந்த விதியின்மேல் தனிப் பிரியம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் 'பல இடங்களில்' என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். இங்கேதான் சிக்கல். நாட்டு ஆட்டம் என்பது ஓர் ஆட்டம் கிடையாது, ஒரு குடும்பம். சாம்பார் மாதிரி. எல்லோரும் சாம்பார் என்றுதான் சொல்வார்கள், ஊருக்கு ஊர் பொடி வேறு. சிப்பாய் ஏறியதும் குதிரையானால் உடனே ஒரு தாவல் தாவலாமா, வெட்டுப்பட்ட காயாக மட்டும்தான் மாறலாமா, தொடக்கத்தில் ராஜா எதிர் ராஜாவுக்கு நேராக நிற்க வேண்டுமா, ராணிக்கு நேராகவா? ஒவ்வொன்றும் இடத்துக்கு இடம் மாறியது. எனவே வெளியூர்க்காரரோடு உட்கார்ந்தால் முதல் வேலை பேரம். "உங்க ஊர்ல எப்படி?" என்று கேட்டு, இதை விட்டுக்கொடுத்து, அதை வாங்கி, பிறகு ஆட வேண்டும்.

பையன் கற்ற ஆட்டம் அந்தப் பேரத்தை ஒழித்தது. ஐரோப்பாவில் உருவான விதி, 1924 இல் பாரிசில் தொடங்கிய உலக சதுரங்கக் கூட்டமைப்பின் வழியாக எல்லா நாட்டுக்கும் ஒன்றானது. சிப்பாய் எந்த வரிசையில் ஏறினாலும் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். மாத் என்றால் மாத்தான், எதனால் செய்தாலும் ஒரே மதிப்பு. ராஜா ஒற்றையாக நின்றால் நிற்கட்டும். இப்படி விதிவிலக்குகள் பல போய்விட்டன. தேஹு ரோடு பையன் நாளைக்கே நார்வேயில் ஒருவரோடு உட்கார்ந்தால்கூட ஒரு வார்த்தை பேசாமல் ஆடலாம்.

ஆனால் ஒன்றைச் சுருக்கும்போது இன்னொன்று முளைக்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு அடி கொடுத்தது ஆட்டத்தை வேகப்படுத்த. கொடுத்ததும் ஒரு திருட்டு வழி திறந்துகொண்டது. முன்னேறி நிற்கிற என் சிப்பாய், பக்கத்து வரிசையில் உங்கள் சிப்பாய் ஒரு அடி வைத்தால் வெட்டுவதற்குத் தயாராகக் காத்திருக்கிறான். நீங்கள் இரண்டு அடி வைத்து அந்தக் காவலைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். சோதனைச் சாவடிக்கு முன்னால் வேகமெடுத்துத் தப்பும் வண்டி மாதிரி. அதைத் தடுக்க, தாண்டிய சிப்பாயை ஒரு அடி மட்டும் வைத்ததாகவே எண்ணி அடுத்த நகர்விலேயே வெட்டலாம் என்று ஒரு விதி சேர்ந்தது. ஆன் பாஸான் என்ற பிரெஞ்சுச் சொல்லால் அதைச் சொல்வார்கள், 'போகிற போக்கில்' என்று அர்த்தம். புதிதாக ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் "இது ஏமாற்று" என்று கத்துகிற இடம் அதுதான். பெரியவரின் ஆட்டத்தில் அந்த விதிக்குத் தேவையே இல்லை. ஒரே அடி வைக்கிறவன் எந்தச் சாவடியையும் தாண்ட முடியாது.

இப்போது எல்லோரும் தடுக்கி விழுகிற இடத்துக்கு வந்துவிட்டோம். இன்னொரு கிளாஸ் சொல்லிவிடலாம், இங்கே கொஞ்சம் நேரமாகும். விதி சுலபமானால் ஆட்டம் சுலபமாகிவிடும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். பெரியவர் அதை வருத்தமாகச் சொன்னார். விதியை மாற்றுகிறவர்கள் அதையே விளம்பரமாகச் சொல்வார்கள். நல்லதென்று சொன்னாலும் கெட்டதென்று சொன்னாலும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். அந்த எண்ணம் தவறு.

நம் ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோயில் மண்டபத் தரையில் கோடு கிழித்து ஆடுவது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் கட்டும். விதி அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லிவிடலாம். ஆனால் கை தேர்ந்த ஒருவர் ஆடு வைத்து ஆடும்போது எதிரே உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருக்கும். மறுபக்கம், பரமபதத்தில் எத்தனை பாம்பு, எத்தனை ஏணி, எங்கிருந்து எங்கே என்று எல்லாம் வரைந்து வைத்திருக்கிறது. அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, தாயக்கட்டை சொல்கிறபடி போக வேண்டியதுதான். விதியின் எண்ணிக்கை வேறு, ஆட்டத்தின் ஆழம் வேறு. சமையலறையில் பாத்திரம் எத்தனை என்பதை வைத்துச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா?

அப்படியானால் விதி சுருங்கும்போது என்னதான் நடக்கிறது? பாரம் இடம் மாறுகிறது. ஆட்டத்தில் ஒருவர் மனத்தில் சுமக்க வேண்டிய பாரம் ஒன்று இருக்கிறது. அதை விதியில் வைக்கலாம், அனுபவத்தில் வைக்கலாம், புத்தகத்தில் வைக்கலாம், நடுவர் தலையில் வைக்கலாம். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கூடத்தில் இருந்த மூட்டை பரணுக்குப் போகிற மாதிரி. கூடம் காலியாகிவிட்டது என்று விருந்தாளி சந்தோஷப்படுவார். பரணில் ஏறி எடுக்கிறவருக்குத்தான் மூட்டை எங்கே போனது என்று தெரியும்.

சிப்பாயின் இரண்டு அடியில் அது எப்படி நடந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். புது முறையில் ஆளுக்கு ஒரு நகர்வு முடிந்ததுமே இரண்டு சிப்பாய்கள் ஒருவரையொருவர் வெட்டும் தூரத்தில் நிற்கலாம். நாட்டு முறையில் அதே நிலைக்கு ஆளுக்கு இரண்டு நகர்வு வேண்டும். ஒரு நகர்வுதானே என்று தோன்றும். ஆனால் நடுப்பலகையைப் பிடிக்கிற ஒவ்வொரு சிப்பாய்க்கும் இது கூடிக்கொண்டே போகும். பழைய ஆட்டத்தில் இரு படையும் தங்கள் பக்கத்திலேயே நிதானமாக அணிவகுத்துக்கொள்ள முடிந்தது. தொடக்கத்தில் பிழை செய்தால் திருத்த நேரம் இருந்தது. புது ஆட்டத்தில் வாசலைத் தாண்டியதுமே சண்டை. எனவே முதல் பத்து நகர்வில் என்ன செய்வது என்பதற்குப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். அதைத்தான் பையன் ஓப்பனிங் என்றான். மூட்டை ஏறிய பரண் அது.

இதை உடம்பாலேயே அனுபவித்த ஒரு மனிதர் இருந்தார். மீர் சுல்தான் கான். பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற பகுதியில் பிறந்தவர். சிறுவயதில் தந்தையிடம் நாட்டு முறையில் கற்றவர். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபு அவருடைய திறமையைப் பார்த்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். வளர்ந்த பிறகுதான் சுல்தான் கான் ஐரோப்பிய விதியைக் கற்றார். 1928 இல் அகில இந்தியப் போட்டியில் வென்றார். 1929 இல் இங்கிலாந்து போய் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அந்தப் பட்டம் அவருக்கே. 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் காப்பாபிளாங்காவை வென்றார்.

அவருடைய ஆட்டங்களைப் பார்த்தவர்கள் பலர் ஒன்றைச் சொன்னார்கள். தொடக்கத்தில் தடுமாறுவார், நடுவில் மீள்வார், கடைசியில் அசைக்க முடியாது. நாம் இப்போது அதன் காரணத்தைச் சுலபமாகப் பிடித்துவிடலாம். நாட்டு ஆட்டம் பாரத்தை வைத்திருந்த இடங்களில் அவர் பெரிய வீரர்: பொறுமையான நகர்வு, சிப்பாயைக் கடைசி வரை பேணுவது, மிச்சக் காய்களை வைத்து முடிப்பது. புது ஆட்டம் பாரத்தை ஏற்றிய பரண், அதாவது தொடக்கப் புத்தகம், அவர் ஏறிப் பார்க்காத இடம். 1933 முடிவில் அவர் ஊர் திரும்பினார், பெரிய போட்டிகளில் மறுபடி ஆடவில்லை. 1966 இல் இறந்தார். 2024 இல்தான் உலகக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது.

இந்த விதி மாற்றம் ஏதோ நம் தாத்தா காலத்தில் திடீரென்று வந்தது என்றும் எண்ண வேண்டாம். 1814 இலேயே பம்பாயில் ஒரு நூல் ஆங்கிலத்தில் அச்சானது. திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பவர் சமஸ்கிருதத்தில் எழுதிய விலாசமணிமஞ்சரியின் மொழிபெயர்ப்பு அது. பெயரைப் பார்த்தாலே தெற்கத்திக்காரர் என்று நமக்குத் தோன்றும். பலகை நிலைகளைக் கொடுத்து, இங்கிருந்து எப்படி ஜெயிப்பது என்று கேட்கிற புதிர்களின் தொகுப்பு. ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்ப மாற்றப்பட்டது என்று அதன் தலைப்பே சொல்கிறது. இருநூறு ஆண்டுக்கு முன்பே நம்மவர் சரக்கு புது விதிக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டிருக்கிறது.

இருந்தாலும் ஊர்த் திண்ணைகளில் பழைய முறை 1960கள் வரை உயிரோடு இருந்தது. அதைப் புது முறைக்குத் திருப்பியதில் பெரிய பங்கு ஒரு தமிழருக்கு உண்டு. மானுவல் ஆரோன் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1961 இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அவர் ஊர் ஊராகச் சங்கங்கள் அமைத்து, ஓப்பனிங் படியுங்கள், புத்தகம் படியுங்கள் என்று ஆட்டக்காரர்களைத் தூண்டினார். மூட்டை பரணுக்குப் போய்விட்டது, ஏணி போடுங்கள் என்று சொன்ன மனிதர் அவர். அப்படி அவர் அமைத்த சங்கங்களில் ஒன்றான, சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் நடந்த டால் செஸ் கிளப்பில்தான் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடினார். 1988 இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 இல் சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் புது விதி வந்தது நமக்கு நல்லதுதான், அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த நல்லது யாருக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். புத்தகம் கிடைத்த நகரத்துப் பிள்ளைக்கு வந்தது. முப்பது வருஷம் திண்ணையில் ஆடி, ராஜாவின் தாவலைப் பறிப்பது எப்படி, சிப்பாயை வைத்து மாத் செய்வது எப்படி என்று கைக்குள் வைத்திருந்தவருக்கு ஒரே நாளில் பாதிச் சொத்து செல்லாக்காசானது. அவர் "சுலபமாக்கிட்டாங்க" என்றால், "நான் கஷ்டப்பட்டுக் கற்ற இடத்தை எடுத்துவிட்டார்கள்" என்று அர்த்தம். ஆட்டக்காரர்களிடம் இந்தக் கலவையான வரவேற்பு ஏன் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியுலகிலும் இப்படித்தானா என்று ஒரு நடை போய்ப் பார்த்து வருவோம். 1824 இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி ஒரு போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். அவருடைய தந்தை தொடங்கிய வேலை அது. ஜெர்மனில் க்ரீக்ஸ்ஷ்பீல், போர் ஆட்டம் என்றுதான் அர்த்தம். பலகைக்குப் பதில் உண்மையான நிலப்படம். ஒரு நகர்வு என்றால் போர்க்களத்தில் இரண்டு நிமிடம். எத்தனை தூரத்தில் சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்று பக்கம் பக்கமாக அட்டவணை, அதோடு பகடை. நடுவில் ஒரு நடுவர் உட்கார்ந்து அட்டவணையைப் புரட்டிப் புரட்டிக் கணக்குச் சொல்வார். ஆட்டம் நத்தையாக நகரும்.

1876 இல் வெர்டி டு வெர்ன்வா என்ற பிரஷ்ய அதிகாரி, அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம் என்றார். போரைப் பார்த்த அனுபவமுள்ள நடுவர் நிலைமையைப் பார்த்து முடிவு சொன்னால் போதும். ராணுவத்தில் ஒரு சாரார் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். இன்னொரு சாரார், அப்படியானால் நடுவர் சொன்னதுதான் வேதமா, அவர் அனுபவம் தவறானால் என்ன செய்வது என்று கேட்டார்கள். இரண்டும் நியாயமான பேச்சு. அட்டவணையில் இருந்த பாரம் முழுவதும் ஒரு மனிதரின் தலைக்கு ஏறியது. நல்ல தலை கிடைத்தால் ஆட்டம் பிரமாதம், கிடைக்காவிட்டால் கஷ்டம். பாட்டி கைப்பக்குவத்தில் சமைப்பதும் அளவு எழுதிய புத்தகத்தைப் பார்த்துச் சமைப்பதும் மாதிரி. பாட்டி இருக்கிற வீட்டில் புத்தகம் எதற்கு? பாட்டி இல்லாத வீட்டில் புத்தகம் இல்லாமல் எப்படி?

நம் காலத்துக் கதை ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 1983 முதல் வார்ஹாமர் என்ற மேசைப் போர் ஆட்டம் இருந்தது. சின்னச் சின்னப் பொம்மை வீரர்களை வாங்கி, தானே வண்ணம் தீட்டி, வரிசையாக நிறுத்தி, அடிக்கோலால் அளந்து நகர்த்தி ஆடுவது. அதன் கடைசிப் பெரிய விதி நூல், கதையும் படமும் சேர்த்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல். 2015 ஜூலையில் அதை வெளியிட்டுவந்த நிறுவனம் அந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மார் என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. அடிப்படை விதி நான்கே பக்கம், இலவசம். புதியவர்களுக்கு வாசல் திறந்தது. பழையவர்களில் பலர் கொதித்துப்போனார்கள்.

அவர்களுடைய கோபத்தில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பழைய ஆட்டத்தில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இரண்டு பேரும் ஒரே தொகைக்குப் படை சேர்க்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே மளிகைப் பணத்தைக் கொடுத்து, யார் நன்றாகக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பார்ப்பது போல. சுருக்கும்போது அந்த விலையை எடுத்துவிட்டார்கள். கொண்டுவந்த பொம்மையை மேசையில் வைத்து ஆடுங்கள் என்றார்கள். அப்படியானால் இந்தப் பெரிய அரக்கனுக்கு எத்தனை வில்லாளிகள் சமம்? அதை ஆடுகிறவர்கள்தான் ஒவ்வொரு முறையும் பேசி முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டு ஆட்டத்தில் இருந்த அதே பேரம்! சதுரங்கத்தில் விதியைச் சீராக்கியதால் பேரம் போனது. அங்கே விதியைச் சுருக்கியதால் பேரம் வந்தது. நண்பர்களுக்குள் ஆடியவர்களுக்கு அது சுகம். முகம் தெரியாதவரோடு கடையில் ஆடியவருக்குத் தலைவலி. அடுத்த ஆண்டே, 2016 இல், புள்ளி விலை திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் பழைய ஆட்டத்தின் உலகத்தையே அதே நிறுவனம் இன்னொரு ஆட்டமாக மறுபடி வெளியிட்டது. இன்று இரண்டும் விற்கின்றன.

எனவே யாராவது "விதியைச் சுலபமாக்கிவிட்டார்கள்" என்று சொன்னால் நாம் உடனே மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். பாரம் எங்கிருந்து எங்கே போனது என்று கேட்போம். போன இடத்தில் அதைத் தூக்க யாருக்கு வசதி, யாருக்கு இல்லை என்றும் கேட்போம். பலவகையான முணுமுணுப்பு அதற்குள் தெளிவாகிவிடும்.

அந்த டீக்கடைக்குத் திரும்பிப் போனால், சண்டை முடிந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு ஆட்டம் ஆடினார்கள். ஒன்று பையன் முறையில், ஒன்று தாத்தா முறையில். முதலாவதில் பெரியவர் இருபது நகர்வுக்குள் மாட்டிக்கொண்டார். இரண்டாவதில் பையனின் ராஜா தாவுவதற்குள் ஒரு செக் கொடுத்துத் தாவலைப் பிடுங்கினார், பிறகு அவசரமே படாமல் ஒரு சிப்பாயை நடத்திக்கொண்டுபோய் மாத் செய்தார். பையன் அந்தச் சிப்பாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "தாத்தா, இதை எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றான்.

பையனின் விதிகள் எங்கும் போய்விடாது, அவை அச்சில் இருக்கின்றன. தாத்தாவின் விதிகளில் சில நூல்களில் இருக்கின்றன. ஆனால் அவருடைய ஊர் முறை, அவருடைய தெரு முறை, பெரும்பாலும் அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சிப்பாய் ஒரு அடிதான் வைப்பான் என்று சொல்கிற ஒருவர் இருந்தால், ஒரு மாலை அவரோடு உட்காருங்கள். ராஜா எங்கே நிற்கும், எப்போது தாவும், சிப்பாய் ஏறினால் என்ன ஆகும், எது ஜெயம், எது ஜெயமில்லை என்று கேட்டு, எந்த ஊர் முறை என்ற பெயரோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.